பூதத்தான் பெயரில் இருந்த லைன் கிளியர்

விசிறியை நிறுத்தாதீர்கள், அம்மா. கை சுவிட்சுப் பக்கம் போனதைப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன். காற்று அதிகம் என்றால் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த வீட்டில் விசிறி ஓடிக்கொண்டேதான் இருக்கும். அணைத்தால் மறுபடி போட வேண்டும். போட்டுப் போட்டு அணைப்பது மோட்டாருக்கு நல்லதில்லை. முப்பத்தொரு வருடம் மின்சாரத்தோடு இருந்தவன் சொல்கிறேன். விளக்கு, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் என் மனைவி இருந்தவரை அவள் போடுவாள். இப்போது பாத்திரம் துலக்க வருகிற செல்வி போட்டுவிட்டுப் போகிறாள். நான் போடுவதில்லை. பழக்கம் விட்டுப்போயிற்று.

நீங்கள் ஞானதிரவியத்தின் மகள் என்பதை வாசலிலேயே கண்டுகொண்டேன். பியூலா. உங்களை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். கல்லறைத் தோட்டத்தில், ஒன்பது வயதில், பள்ளிக்கூடச் சீருடையில் நின்றீர்கள். இப்போது நீங்களே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது. தாளை மேசைமேல் வையுங்கள். பறக்கும், அந்த டப்பாவை மேலே தூக்கி வையுங்கள். ஆம், உங்கள் வீட்டு டப்பாதான். அலமாரியில் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் உங்கள் அம்மா ரத்தினபாய் முந்திரிக்கொத்து கொடுத்தனுப்புகிறார். பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. ஒருவர்மேல் மனத்தில் குறை இருந்தால் பலகாரம் அனுப்புவார்களா? நான் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். நான் தின்பதில்லை, எனக்குச் சர்க்கரை. சர்க்கரை வந்தது எட்டு வருடத்துக்கு முன்புதான், அதற்கு முன்னாலும் நீங்கள் தொட்டதில்லையே என்று என் மனைவி சொல்வாள். அவள் கணக்கு அப்படி.

நீங்கள் கேட்பது ஒரு கையெழுத்து. விசாரணை அறிக்கையில் உங்கள் அப்பாவைப் பற்றி ஒரு வரி இருக்கிறது: 'உரிய அனுமதியின்றி மின்பாதையில் ஏறியமையால்.' அந்த வரி போக வேண்டும். அம்மாவுக்கு இனி அதிக நாள் இல்லை, அந்த வரி போனால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்றைக்குக் கட்டுப்பாட்டு அறையில் பணியில் இருந்தவன் நான். ஆகவே நான் எழுதிக் கொடுக்க வேண்டும். புரிகிறது. ஆனால் கையெழுத்துப் போடுகிறவன் முதலில் பாடங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அம்மா. ஒரே நிகழ்ச்சியை நாலு பேர் நாலு விதமாகச் சொல்லும்போது எது முந்தியது, எது பின்னால் ஒட்டியது என்று பார்க்காமல் கையெழுத்திட்டால் அது பெரும் பிழை.

இந்த நோட்டுப் புத்தகத்தைப் பாருங்கள். அந்த நாளைப் பற்றி யார் எங்கே பேசினாலும் தேதி, இடம், பேசியவர் பெயர் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். கல்யாண வீடு, டீக்கடை, ஓய்வூதியர் சங்கம், ஒரு தடவை ரயிலில். மொத்தம் அறுபத்து மூன்று. எல்லாம் மூன்று கதைகளுக்குள் அடங்கிவிடும். நான்காவது ஒன்று உண்டு. அது தள்ளத்தக்கது. பிறகு சொல்கிறேன்.

முதலில் இடம். எங்கள் துணைமின்நிலையத்தில் மூன்று பிரிவுகள். நாங்கள் இயக்கப் பிரிவு. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து மின்சாரத்தை விடுவதும் நிறுத்துவதும் எங்கள் வேலை. கம்பியும் கம்பமும் லைன் பிரிவுக்கு. மீட்டர் முதலான கருவிகளைச் சரிபார்ப்பது சோதனைப் பிரிவு. உங்கள் அப்பா அதில். யார் கம்பத்தில் ஏறினாலும் முதலில் எங்களிடம் லைன் கிளியர் வாங்க வேண்டும். ஒரு தாள்தான். அவர் பெயரில் எழுதிக் கொடுப்போம், மின்சாரத்தை நிறுத்துவோம், சுவிட்சில் சிவப்புப் பலகை தொங்கவிடுவோம். வேலை முடிந்ததும் வாங்கியவரே வந்து தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அண்ணன் வாங்கியதைத் தம்பி திருப்ப முடியாது. அத்தனை கட்டுப்பாடான தாள் அது.

பிறகு மின்தடை கூடிப்போயிற்று என்று மேலிடத்தில் கேள்வி வந்தது. எத்தனை நிமிடம், யாரால் என்று மாதம்தோறும் தெரிய வேண்டும் என்றார்கள். படிவம் வரைந்து தரும்படி செயற்பொறியாளர் என்னிடம் சொன்னார். வரைந்தேன். மூன்று பிரிவுக்கும் மூன்று பத்தி. லைன் கிளியர் எந்தப் பிரிவின் பெயரில் இருக்கிறதோ அந்தப் பத்தியில் நிமிடம் ஏறும். எங்களை மட்டும் விட்டால் நியாயம் ஆகாதே என்று எங்களுக்கும் ஒரு விதி வைத்தேன். தாள் திரும்பி வந்த ஐந்து நிமிடத்துக்குள் மின்சாரத்தை விட்டுவிட வேண்டும்; தாண்டினால் தாண்டிய நிமிடம் எங்கள் பத்தியில். மிகவும் நேர்மையான படிவம். பக்கத்துக் கோட்டத்துக்காரர்கள்கூட வாங்கிப் படியெடுத்துக்கொண்டு போனார்கள்.

நான் கோடு மட்டும்தான் போட்டேன். நிற்க வைத்தது நானில்லை.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை கூட்டம். அந்தத் தாளைச் செயற்பொறியாளர் உரக்க வாசிப்பார். யார் பத்தியில் நிமிடம் அதிகமோ அவர் எழுந்து நிற்க வேண்டும், கூட்டம் முடிகிறவரை. திட்டமாட்டார், மெமோ கிடையாது. சும்மா நிற்க வேண்டும். லைன் இன்ஸ்பெக்டர் சங்கிலிபூதத்தான் தொடர்ந்து நாலு மாதம் நின்றான். மரம் வெட்டுவதும் கம்பி இழுப்பதும் அவன் வேலை. நிமிடம் அவனுக்குத்தானே ஏறும்? சோதனைப் பிரிவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

"பூதத்தான், ஒமக்கு எதுக்குவே நாற்காலி? வித்துரும். ரெண்டு டீயாவது கெடைக்கும்."

"நிக்கிறதுக்கு எனக்குச் சொந்தக் கால் இருக்குவே. ஒங்களை மாதிரி ஒட்டுக்கால்ல நான் நிக்கல."

ஒட்டுக்கால் என்று அவன் சொன்னதற்குக் காரணம் உண்டு. சோதனைப் பிரிவார் தங்கள் பெயரில் லைன் கிளியர் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். வாங்கினால் நிமிடம் ஏறும். ஆகவே லைன் பிரிவு எப்போது வாங்குகிறது என்று பார்த்திருந்து, அதே மின்பாதையில் தங்கள் வேலையையும் சத்தமில்லாமல் முடித்துக்கொள்வார்கள். இதற்குத் 'தொத்துறது' என்று பெயர். எழுதாத வழக்கம், எல்லோருக்கும் தெரியும். நிமிடம் பூதத்தானுக்கு, வேலை இவர்களுக்கு. பூதத்தான் கொதித்துப்போனான். "நாங்க நிப்போம், அவனுவ வேலை பாப்பானுவளா?" என்று, தாளை எப்போது திருப்பிக் கொடுக்கப் போகிறான் என்பதை யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொண்டான். தவறி மின்சாரம் வந்தாலும் ஏறியவரைத் தாக்காதபடி கம்பியில் மாட்டித் தரையோடு சேர்க்கிற எர்த் சங்கிலி அவன் பண்டகசாலையில்தான் இருக்கும். சோதனைப் பிரிவு கேட்டால், "லைன் கிளியர் வாங்கிட்டு வாங்க, தாரேன்" என்பான். விதிப்படி அதுவும் சரிதான்.

எல்லாரும் விதிப்படிதான் இருந்தோம், அம்மா. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நானும் ஒரு தடவை நின்றிருக்கிறேன். உங்கள் அப்பா இறந்த வருடத்து ஆகஸ்ட் மாதக் கூட்டத்தில். பிரேக்கர் என்கிற பெரிய சுவிட்சு ஒன்று சிக்கிக்கொண்டதில் எங்கள் பத்தியில் நிமிடம் கூடிவிட்டது. "கோடு போட்டவரே நிக்காரே" என்று யாரோ சொன்னார்கள், எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வருத்தமில்லை. அந்தச் சிரிப்பு இரண்டு நொடிதான் இருந்தது. மூன்று என்றும் வைத்துக்கொள்ளலாம். மேசைமேல் யாருடைய டம்ளர் எங்கே இருந்தது என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் வருத்தம் என்று சொல்ல முடியாது.

இனிச் செப்டம்பர் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதே காலுக்குப் பூதத்தான் மேற்குப் பாதைக்கு லைன் கிளியர் வாங்கினான், ஓடைக்கரையில் வேலமரக் கிளை வெட்ட. நான் எழுதிக் கொடுத்தேன். அதே பாதையில் நாலு கிலோமீட்டர் தள்ளிப் பஞ்சாலை வாசலில் மீட்டர்க் கம்பம். அதில் உங்கள் அப்பா ஏறியிருந்தார். பன்னிரண்டு பதினான்குக்குப் பூதத்தான் வந்து தாளை மேசையில் போட்டான். "நிமிசத்தைக் குறிச்சுக்கிடும். இதுக்கு மேல ஒண்ணு கூட எம்பேர்ல ஏறப்படாது" என்றான். "எல்லாரும் எறங்கியாச்சா?" என்று கேட்டேன். "எம் ஆளுவ எறங்கியாச்சு" என்றான். அது பொய்யில்லை. அவன் ஆட்கள் இறங்கித்தான் இருந்தார்கள். பன்னிரண்டு பதினெட்டுக்கு மின்சாரத்தை விட்டேன். நடந்தது இவ்வளவே. மிச்சமெல்லாம் சொல்லல்.

லைன் பிரிவார் சொல்லும் கதை இது. பூதத்தான் ஓடைக்கரையில் நின்று மூன்று தடவை விசில் ஊதினான், பாதை நெடுக ஆள் அனுப்பிப் பார்த்தான், ஒருவரையும் காணவில்லை. இருபத்தாறு சொல்லல்கள் இப்படி. ஆனால் பாருங்கள், முதல் இரண்டு வருடச் சொல்லல்களில் விசிலே இல்லை. மூன்றாம் வருடம் ஒரு வளைகாப்பு வீட்டில்தான் விசில் வருகிறது. அதற்குப் பிறகு யார் சொன்னாலும் விசில் உண்டு. நாலு கிலோமீட்டருக்கு எந்த விசில் கேட்கும்? பூதத்தான் மட்டும் சாகும்வரை இந்தக் கதையைச் சொன்னதில்லை. யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவான். ஓய்வு பெற்ற பிறகு எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் உட்காரவும் மாட்டான். கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரோரம் நிற்பான். கால் வலி என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

சோதனைப் பிரிவார் கதை வேறு. பூதத்தான் அந்த வழியாகத்தான் மோட்டார் சைக்கிளில் வந்தான். கம்பத்தடியில் ஞானதிரவியத்தின் மொபெட் நிற்பதைப் பார்த்தான். பார்த்தும் பார்க்காதது போல் வந்து தாளைக் கொடுத்தான். முப்பத்திரண்டு சொல்லல்கள். மொபெட் சிலருக்குப் பச்சை, சிலருக்கு நீலம். சாப்பாட்டுத் தூக்கு தொங்கியது என்பவர் உண்டு, இல்லை என்பவர் உண்டு. அது சிவப்பு மொபெட் அல்லவா? பஞ்சாலைச் சுற்றுச்சுவருக்கு உள்ளே, நிழலில் நின்றது. சாலையிலிருந்து பார்த்தால் தெரியாது. நான் அன்று மாலை போய்ப் பார்த்தேன். பிறகும் சில தடவை போயிருக்கிறேன்.

மூன்றாவது எங்கள் கதை. கட்டுப்பாட்டு அறைக் கதை. 'தாள் வந்தது. கேட்டோம். விட்டோம்.' மூன்றே வாக்கியம். விசாரணையில் நான் சொன்னதும் இதுதான். பத்தொன்பது வருடத்தில் ஒரு சொல் மாறியதில்லை. வாய்மொழியில் ஒன்று மாறாமல் நின்றால் இரண்டில் ஒன்று, அம்மா: அது உண்மையாக இருக்கும், அல்லது மனப்பாடமாக இருக்கும். இது உண்மை.

பன்னிரண்டு பதினான்குக்கும் பதினெட்டுக்கும் இடையில் என்ன செய்தேன் என்று விசாரணையில் ஒருவர் கேட்டார். காத்திருந்தேன் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நான்கு நிமிடமும் நான் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்புத் தொலைபேசி. அதன் சுருள் வயர் நாலாம் சுற்றில் முறுக்கிக்கொண்டிருக்கும். அது அடிக்கவில்லை. ஐந்தாவது நிமிடம் தொடங்கியது. அடிக்கவில்லை. பிறகு எழுந்தேன்.

பதினெட்டுக்கு விட்டதும் மீட்டர் முள் ஒரு தடவை துள்ளி விழுந்தது, பிரேக்கர் தானாகத் திறந்து மின்சாரம் நின்றுவிட்டது. கிளை ஏதாவது பட்டிருக்கும் என்று உதவியாளரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு மறுபடியும் உட்கார்ந்து தொலைபேசியைத்தான் பார்த்தேன். அப்போது அடித்தது. பஞ்சாலைக்காரர்கள்.

இந்த வீட்டுத் தொலைபேசியைக் கழற்றி எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன். செல்போனும் வைத்துக்கொள்வதில்லை. அதனால்தான் நீங்கள் சொல்லாமல் வர வேண்டியதாயிற்று, மன்னிக்க வேண்டும். மதியம் பன்னிரண்டேகால் ஆனால் எங்கே இருந்தாலும் எழுந்து நின்றுவிடுகிறேன். பேருந்தில் ஒரு நாள் அப்படி நின்றேன். இறங்கப் போகிறேன் என்று நினைத்து நடத்துநர் விசில் ஊதிவிட்டார். இரத்த அழுத்தம் என்கிறார் மருத்துவர்.

சரி, நான்காவது கதை. உங்கள் அம்மாவின் கதை. அம்மா சொல்வது என்ன? கம்பத்தில் ஏறும் முன் ஞானதிரவியம் பஞ்சாலைக் காவலறையிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தார். தான் ஏறப்போவதைச் சொன்னார். அங்கே இருந்தவர் சரி என்றார். ஆகவே அனுமதி இருந்தது. இதை ஏன் தள்ளினேன் என்று முறையாகச் சொல்கிறேன். இது ஒரே ஒருவர் வழியாக வந்தது. காவலாளி மூக்கையா சொன்னதாக அம்மா சொல்கிறார். மூக்கையா இறந்து பதினான்கு வருடம். மற்ற அறுபத்திரண்டு சொல்லல்களில் போன் இல்லை. வந்த போன்களைக் குறிக்கும் பதிவேட்டிலும் இல்லை. அந்தப் பதிவேட்டை எழுதுகிறவன் நான்தான். ஆகவே உறுதியாகச் சொல்ல முடியும். ஒற்றைச் சான்று, பிற்காலத்துப் பாடம், எழுத்துச் சான்று இல்லை. இதை எந்த அறிஞரும் ஏற்கமாட்டார்.

அழாதீர்கள், அம்மா. நான் உங்கள் அம்மாவைப் பொய்யர் என்று சொல்லவில்லை. துக்கத்தில் கதை வளரும். அது இயல்பு.

சரி, வாசியுங்கள். வந்ததற்கு அதையாவது கேட்கிறேன். நீங்கள் எழுதிக்கொண்டு வந்ததை வாசியுங்கள். மெதுவாக.

...

'காலை ஒன்பதரை மணியளவில்.' தவறு. ஒன்பதரைக்குப் பூதத்தானின் ஆட்கள் ஓடைக்கரைக்கே போய்ச் சேரவில்லை. உங்கள் அப்பா வீட்டிலிருந்து கிளம்பியிருக்கவும் மாட்டார். பத்து நாற்பது. பத்து நாற்பது என்று திருத்துங்கள். மணியளவில் என்பதையும் எடுத்துவிடுங்கள். பத்து நாற்பது.

மேலே வாசியுங்கள்.

'"சார், நானும் இந்த லைனில் ஏறிக்கொள்கிறேன்" என்று கேட்டார்.' இதுவும் சரியில்லை. யார் எழுதியது? மூக்கையாவுக்குப் பாதிதான் காதில் விழுந்திருக்கும். மில் ஓடுகிற சத்தம். உங்கள் அப்பா என்னை ஒரு நாளும் சார் என்று அழைத்ததில்லை. "அண்ணாச்சி" என்றார். "அண்ணாச்சி, பூதத்தான் லைன்லயே நானும் ஏறிக்கிடுதேன். தனியா எழுதிராதிய, எங்க கணக்குல விழுந்துரும். திங்கக்கெழமை நிக்க முடியாது அண்ணாச்சி, முட்டி வீங்கிக் கெடக்கு." இதுதான் பாடம். முட்டி வீங்கியிருந்தது உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

அடுத்த வரி. 'அதற்கு அவர் சரி என்றார்.'

இல்லை.

சரி என்று மட்டும் சொல்லவில்லை. மறுமுனையில் பேசியது மூக்கையாவுக்கு எப்படிக் கேட்கும்? அது அவர் காதுக்கு எட்டியிருக்க வழியில்லை. அதனால்தான் அந்த இடத்தில் உங்கள் பாடம் தேய்ந்திருக்கிறது. எழுதுங்கள். "ஏறு. எறங்கினதும் எனக்கு ஒரு போன் போடு. ஒம் போன் வராம நான் லைனை விடமாட்டேன்."

...

ஆம். விடமாட்டேன் என்று.

என்னை அப்படிப் பார்க்காதீர்கள், அம்மா. இதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இது பாடத் திருத்தம். பிழையான பாடத்தில் என்னால் கையெழுத்திட முடியாது; அவ்வளவுதான். நேரம் ஒன்பதரை என்று இருந்தால் உங்கள் மனுவை முதல் பக்கத்திலேயே தள்ளிவிடுவார்கள். உங்கள் அப்பா சார் என்று சொன்னதாகப் போட்டால் அவரைத் தெரிந்த ஒருவரும் நம்பமாட்டார்கள். பத்து நாற்பது, அண்ணாச்சி, விடமாட்டேன். இந்த மூன்றும் சரியாக இருக்க வேண்டும்.

முழுவதையும் புதிதாகவே எழுதிவிடுவோம். நீங்கள் எழுத வேண்டாம், நான் எழுதுகிறேன். என் கையெழுத்து அவர்களுக்குத் தெரியும். அந்த நோட்டில் கடைசித் தாளைக் கிழித்துக் கொடுங்கள். பேனா சட்டைப் பையில் இருக்கிறது.

தாள் நிற்க மாட்டேன் என்கிறது. டப்பாவை வைத்தால் எழுத இடமில்லை.

விசிறியை நிறுத்துங்கள், அம்மா. பரவாயில்லை, நிறுத்துங்கள். பிறகு போடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.